வேவு பார்த்தலின் விலை: அவசரகாலமும் நம் தோட்டங்களும்



ஆறாம் ஆண்டு மாணவர்கள் பன்னிரண்டு வயது நிறைந்ததும் பெற்றோரின் கைபிடித்துத் தேசியப் பதிவிலாகாவுக்குச் சென்று மைகார்டு பெற்று வருகின்றனர். மறுநாள் வகுப்பில் அதைப் பெருமையோடு காட்டுவர். தாமும் பெரியவர்களாகிவிட்டோம் என்ற மகிழ்ச்சி அவர்கள் முகத்தில் தெரியும். ஆயினும் அந்த அட்டை ஏன் பிறந்தது, பன்னிரண்டு என்ற வயது எங்கிருந்து வந்தது என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. நாமும் சொல்வதில்லை. பன்னிரண்டு வயதுக்கும் மேற்பட்ட ஒவ்வொருவரும் புகைப்படமும் பெருவிரல் ரேகையும் கொண்ட அட்டை வைத்திருக்க வேண்டும் என்ற விதி இந்நாட்டில் 1948 ஆம் ஆண்டு, அவசரகாலத்தில் பிறந்தது. அதன் நோக்கம் சேவை அன்று, கண்காணிப்பு.

அவசரகாலத்தைப் பற்றி எழுதும்போது யார் வென்றார், யார் தோற்றார் என்றே பெரும்பாலும் எழுதுகிறோம். ஒரு நாடு தன் மக்களையே பன்னிரண்டு ஆண்டுகள் வேவு பார்ப்பதற்கு எவ்வளவு செலவாயிற்று, அச்செலவை யார் சுமந்தார், அதனால் எது இல்லாமற் போயிற்று என்பவை அதிகம் கேட்கப்படாத கேள்விகள். சுங்கை சோவைச் சுற்றியுள்ள வட சிலாங்கூர்த் தோட்டங்களில் வேர்கொண்ட குடும்பங்களுக்கு இக்கேள்விகள் மிக நெருக்கமானவை.

மொழியறியா அரசு

1948 ஜூன் 16 ஆம் நாள் பேராக்கில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாள்களில் மலாயா முழுவதும் அவசரகாலம் நடைமுறைக்கு வந்தது. அப்போது நாட்டின் உளவுப் பணியைக் கவனித்து வந்தது மலாயாப் பாதுகாப்புச் சேவை என்னும் அமைப்பு. ஜான் டாலி என்பவர் அதன் தலைவர். அறிக்கைகளை ஏராளமாக எழுதிய அவ்வமைப்பு, அவசரகாலம் தொடங்கிய சில வாரங்களிலேயே, அதாவது 1948 ஆகஸ்டில், கலைக்கப்பட்டது. அதன் பணி போலீஸ் துறையின் சிறப்புப் பிரிவுக்கு மாற்றப்பட்டது. நம் மக்கள் 'ஸ்பெஷல் பிராஞ்ச்' என்று குரலைத் தாழ்த்திச் சொன்ன அந்தப் பிரிவு இதுவே.

புதிய பிரிவின் பெருங்குறை மொழி. கம்யூனிஸ்டுப் போராளிகளில் பெரும்பான்மையினர் சீனர். சீன மொழிகளை அறிந்த அதிகாரிகளோ மிகச் சிலர். ஓர் அரசு தான் ஆளும் மக்களின் மொழியைக் கற்காதபோது, அம்மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அறிய இரண்டு வழிகளே எஞ்சுகின்றன. ஒன்று, பணம் கொடுத்துச் செய்தி வாங்குதல். மற்றொன்று, அனைவரையும் வேலிக்குள் அடைத்து எண்ணுதல். இரண்டும் செலவு மிகுந்தவை. மலாயாவில் இரண்டும் நடந்தன.

செய்திக்கு விலை வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டது. 1952 இல் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் சின் பெங்கின் தலைக்கு 250,000 வெள்ளி குறிக்கப்பட்டது. அன்றைய தோட்டத் தொழிலாளி பல தலைமுறைகள் உழைத்தாலும் காண முடியாத தொகை அது. அதே ஆண்டில் சிறப்புப் பிரிவு குற்றப் புலனாய்வுப் பிரிவிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனிப் பிரிவாயிற்று. கோலாலம்பூரில் அதற்கென்று பயிற்சிப் பள்ளியும் ஏற்பட்டது. அதிகாரிகள் மொழியையும் மக்களையும் கற்கத் தொடங்கிய பின்னரே உளவுப் பணி பலன் தரத் தொடங்கியது என்பதை அக்கால வரலாற்றை ஆய்ந்தோர் பலரும் ஒப்புகின்றனர்.

நம் வட்டாரத்தில் நடந்தவை

அவசரகாலத்தின் பெரிய நிகழ்வுகளில் எத்தனை நம் வட்டாரத்தில் நடந்தன என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பு ஏற்படும். 1948 ஜூலையில் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் தாக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பத்தாங் காலிக்கு அருகில் சுங்கை ரெமோக் தோட்டத்தில் ஆயுதமற்ற 24 சீனத் தொழிலாளர்கள் பிரிட்டிஷ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். போராளி யார், பால்மரம் வெட்டுபவர் யார் என்று பிரித்தறியும் செய்தி கையில் இல்லாத படை, ஐயத்தையே சான்றாகக் கொண்டால் என்ன நேரும் என்பதற்கு அந்த ஆற்றங்கரை சாட்சி. கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தினர் பொது விசாரணை கோரி இங்கிலாந்தின் உச்சநீதிமன்றம்வரை சென்றனர். 2015 இல் அக்கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

1949 இல் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி இரவாங் அருகே கைது செய்யப்பட்டார். துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. இந்தியாவிலிருந்து எழுந்த வேண்டுகோள்களையும் மீறி 1949 மே 4 ஆம் நாள் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய சம்மேளனம் அதற்கு முன்பே, 1948 ஜூனில், பதிவை இழந்திருந்தது. 1951 அக்டோபர் 6 ஆம் நாள் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்குச் செல்லும் பாதையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1952 மார்ச்சில், சிலாங்கூர் எல்லையை அடுத்துள்ள தஞ்சோங் மாலிமில் உடைக்கப்பட்ட குடிநீர்க் குழாயைச் சீர்செய்யச் சென்ற குழுவினர் பதுங்கித் தாக்கப்பட்டனர். 12 பேர் இறந்தனர். புதிய உயர் ஆணையர் ஜெனரல் டெம்ப்ளர் நேரில் வந்தார். ஊர் முழுமைக்கும் ஒரு நாளில் 22 மணி நேர ஊரடங்கு விதிக்கப்பட்டது. அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது. பின்னர் வீடுதோறும் வினாத்தாள் கொடுக்கப்பட்டது. பெயர் எழுத வேண்டாம், தெரிந்ததை எழுதினால் போதும் என்றனர். அத்தாள்கள் பூட்டிய பெட்டிகளில் கோலாலம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு டெம்ப்ளரின் முன்னிலையில் திறக்கப்பட்டன. நாம் பள்ளியில் அறிவைச் சோதிக்க வினாத்தாள் கொடுக்கிறோம். அங்கே அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுக்க வினாத்தாள் கொடுக்கப்பட்டது. அதன் பின்னர் அவ்வூரில் ஒருவரை ஒருவர் எப்படிப் பார்த்திருப்பர் என்பதை எந்த வரவு செலவுக் கணக்கும் எழுதி வைக்கவில்லை.

கம்பி வேலிக்குள் தோட்டம்

1950 இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 5 இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். இதை நம் பாடநூல்கள் கூறுகின்றன. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் 'மறுகுழுவாக்கம்' என்ற பெயரில் ஒன்று சேர்க்கப்பட்டதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர்களுள் பெருந்தொகையினர் தமிழர். சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டன. சுற்றிலும் முள்கம்பி வேலி எழுந்தது. வாயிலில் காவலர் நின்றனர்.

விடியற்காலையில் பெரட்டு முடிந்து தீம்பாருக்குச் செல்லும் பெண்களும் சோதிக்கப்பட்டனர். காட்டிலுள்ளோருக்கு உணவு போய்விடும் என்ற அச்சத்தால் சாப்பாடு எடுத்துச் செல்லத் தடை இருந்தது. கடைகளில் தகர டின்கள் துளையிட்ட பின்னரே விற்கப்பட்டன. சேமித்து வைக்க முடியாமல் உடனே உண்டுவிட வேண்டும் என்பது அதன் காரணம். சில பகுதிகளில் அரிசி விற்பனையே நிறுத்தப்பட்டு, பொதுச் சமையற்கூடத்தில் வடித்த சோறு மட்டும் வழங்கப்பட்டது. சோறு ஒரே நாளில் ஊசிப்போகும், அரிசி ஊசிப்போகாது என்பதே அந்தத் திட்டத்தின் கணக்கு.

இவை ஒவ்வொன்றுக்கும் பணம் வேண்டும். 1948 இல் சுமார் 10,000 பேர் கொண்டிருந்த போலீஸ் படை சில ஆண்டுகளில் பல மடங்கு பெருகியது. தோட்டங்களையும் சுரங்கங்களையும் காக்க மட்டும் உச்சகட்டத்தில் சுமார் 40,000 சிறப்புக் காவலர்கள் சம்பளத்தில் இருந்தனர். விசாரணையின்றி 28 நாள்களுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டோர் 1957 வரை ஏறத்தாழ 34,000 பேர். அவர்களுக்கான முகாம், உணவு, காவல் அனைத்தும் அரசின் கணக்கில் சேர்ந்தன.

பணம் எங்கிருந்து வந்தது?

பிரிட்டன் தன் படைகளின் செலவை ஏற்றது, மானியமும் தந்தது. ஆயினும் போலீஸ், சிறப்புக் காவலர், புதுக்கிராமம், பதிவு, பங்கீடு ஆகியவற்றின் பெருஞ்சுமை மலாயாக் கூட்டரசின் கருவூலத்தின்மீது விழுந்தது. அக்கருவூலத்தை நிரப்பியவை இரப்பரும் ஈயமும்.

இங்குதான் தற்செயலாக ஒரு பேருதவி வந்தது. 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டது. உலக நாடுகள் இரப்பரைப் போட்டி போட்டு வாங்கிக் குவித்தன. 1949 இல் ஓர் இராத்தல் இரப்பரின் சராசரி விலை ஏறத்தாழ 38 காசு. 1951 இல் அது ஏறத்தாழ 1 வெள்ளி 70 காசாக உயர்ந்தது. ஏற்றுமதி வரியும் விலைக்கேற்ப உயர்ந்தது. கருவூலம் நிரம்பியது. அந்தப் பணமே முள்கம்பியாகவும் காவலர் சம்பளமாகவும் வெகுமதியாகவும் மாறியது. கொரியப் போர் மூளாதிருந்தால் பிரிக்ஸ் திட்டத்திற்குப் பணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வியே.

சற்று நின்று இதை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து, சோதனை வாயிலில் கைகளை உயர்த்தி நின்று, வெறும் வயிற்றோடு பால்மரம் வெட்டிய தாயின் உழைப்பில் பிறந்த வரியே, அவளைச் சோதித்த காவலரின் சம்பளமாயிற்று. தன்னைச் சுற்றி எழுந்த வேலிக்குத் தானே பணம் கட்டினாள். அவளுக்கு யாரும் இரசீது கொடுக்கவில்லை.

பள்ளிக்கூடத்திற்கு எஞ்சியது

நல்ல விலை நீடிக்கவில்லை. 1953 இல் இரப்பரின் சராசரி விலை 67 காசு அளவுக்குச் சரிந்தது. வருமானம் குறைந்தது, ஆனால் அவசரகாலச் செலவு குறையவில்லை. அப்போது எது வெட்டப்படும்? ஆசிரியர்களாகிய நாம் விடையை ஊகிக்கலாம்.

1952 இல் கல்விச் சட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டிருந்தது. 1951 இன் பார்ன்ஸ் அறிக்கையை ஒட்டி, மலாயும் ஆங்கிலமும் போதனா மொழிகளாக உள்ள தேசியப் பள்ளிகளை நாடெங்கும் அமைப்பது அதன் இலக்கு. தமிழும் சீனமும், பதினைந்து மாணவர்களின் பெற்றோர் வேண்டினால் கற்பிக்கப்படும் பாடங்களாக மட்டும் இருக்கும். அச்சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்திருந்தால் நம் தமிழ்ப்பள்ளிகளின் கதி என்னவாயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்குத் தேவையான பள்ளிகளைக் கட்டவும் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும் அரசிடம் பணம் இல்லை. நிதி நெருக்கடியால் திட்டத்தைச் செயற்படுத்த இயலவில்லை என்பதை 1954 இல் வெளியான கல்விக் கொள்கை வெள்ளை அறிக்கையே ஒப்புக்கொண்டது. 1955 தேர்தலுக்குப் பின் ரசாக் குழு அமைந்தது. 1956 இல் அதன் அறிக்கை வந்தது. அதன்வழித் தமிழ், சீனத் தொடக்கப் பள்ளிகள் நாட்டின் கல்வி அமைப்புக்குள் ஏற்கப்பட்டன.

இவ்வரலாற்றிற்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒருபுறம், அவசரகாலம் கல்விப் பணத்தை விழுங்கியது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்ற 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் எழுந்த கொட்டகைப் பள்ளிகள், நல்ல கட்டடமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் இன்றிக் கொட்டகைகளாகவே நீடித்தன. மறுபுறம், அதே பணத் தட்டுப்பாடு, தாய்மொழிப் பள்ளிகளை மெல்ல மறையச் செய்திருக்கக்கூடிய ஒரு சட்டத்தைத் தடுத்து நிறுத்தியது. வேலிக்குச் செலவான பணம் நம் பள்ளியை ஏழையாக்கியது. அதே செலவு அதற்கு உயிர்பிழைக்கச் சில ஆண்டுகள் அவகாசமும் கொடுத்தது. யாரும் திட்டமிடாத விளைவு இது. ஆகவே இதற்காக எவருக்கும் நன்றி கூற வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

நீட்டிப்பு என்னும் பழக்கம்

அவசரகாலச் செலவினால் பயனே விளையவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. சரணடைவோர் பெருகினர். 1953 இல் மலாக்காவின் ஒரு பகுதி முதன்முதலாக 'வெள்ளைப் பகுதி'யாக அறிவிக்கப்பட்டு ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டன. பொதுமக்களில் 2,400க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட ஒரு மோதல் முடிவுக்கு வந்ததில் உளவுப் பணிக்குப் பெரும்பங்கு உண்டு. கேள்வி அதுவன்று. ஆபத்து முடிந்த பின் அதிகாரம் திரும்பப் பெறப்பட்டதா என்பதே கேள்வி.

1957 இல் நாடு விடுதலை பெற்றபோது, அவசரகாலச் சட்டம் ஓராண்டில் காலாவதியாகும், வேண்டுமாயின் மன்றங்களின் தீர்மானத்தால் ஆண்டுதோறும் நீட்டிக்கலாம் என்று அரசமைப்பு விதித்தது. கீழறுப்புக்கு எதிராக 149 ஆம் பிரிவின்கீழ் இயற்றப்படும் சட்டங்களுக்கும் ஓராண்டு ஆயுளே வைக்கப்பட்டது. ஆண்டுக்கொரு முறை 'இன்னும் தேவையா?' என்று கேட்க வேண்டிய கட்டாயம் அதில் இருந்தது. 1960 இல் அரசமைப்புத் திருத்தப்பட்டு அந்த ஓராண்டு வரம்பு நீக்கப்பட்டது. அவசரகாலம் 1960 ஜூலை 31 இல் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், நாம் அறிந்த 'இசா', நடைமுறைக்கு வந்தது.

இசா 52 ஆண்டுகள் நீடித்தது. 10,000க்கும் மேற்பட்டோர் அதன்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டனர். 1987 இன் லாலாங் நடவடிக்கையில் வி. டேவிட், பி. பட்டு முதலியோரும், 2007 டிசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவரும் அதன்கீழ்க் கைதாயினர். காட்டில் ஆயுதம் ஏந்தியோருக்காகப் பிறந்த அதிகாரம் மேடையில் பேசியோரையும் தொட்டது.

2012 இல் இசா நீக்கப்பட்டு 'சோஸ்மா' வந்தது. இதன்கீழ்ப் போலீசார் ஒருவரை 28 நாள்கள்வரை விசாரணைக்காகத் தடுத்து வைக்கலாம். இந்தத் தடுப்பு அதிகாரத்திற்கு மட்டும் ஐந்தாண்டு கெடு உண்டு. நாடாளுமன்றம் தீர்மானம் நிறைவேற்றி நீட்டிக்காவிட்டால் அது காலாவதியாகும். 2017 இல் நீட்டிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் மக்களவையில் 84க்கு 86 என்ற வாக்குகளில் நீட்டிப்புத் தோற்றது. ஜூலையில் மீண்டும் கொண்டுவரப்பட்டு வென்றது. அதன்படி நீட்டிப்பு 2027 ஜூலை வரைக்குமானது. ஆனால் கடிதங்களையும் தொலைபேசி, இணையத் தொடர்புகளையும் இடைமறிக்க அனுமதிக்கும் 6 ஆம் பிரிவுக்கு அந்தக் கெடு கிடையாது. அதாவது, பிடித்து வைக்கும் அதிகாரத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கேட்க வேண்டும், ஒட்டுக்கேட்கும் அதிகாரத்தைக் கேட்க வேண்டியதே இல்லை.

அயல்நாட்டுத் தொடர்பு என்னும் சொல்லும் நமக்குத் தூரமானதன்று. 2019 அக்டோபரில், தோற்றுப்போய்ப் பத்தாண்டுகள் கடந்துவிட்ட விடுதலைப் புலிகளோடு தொடர்புடையோர் என்று கூறி 12 தமிழர்கள் சோஸ்மாவின்கீழ்க் கைது செய்யப்பட்டனர். 2020 பிப்ரவரியில் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அந்த மாதங்களில் அக்குடும்பங்கள் இழந்த ஊதியமும் உறக்கமும் எந்தக் கணக்கில் சேரும்?

அமெரிக்காவிலும் இதே கதை உண்டு. அயல்நாட்டாரின் தொடர்புகளை இடைமறிக்க 2008 இல் சேர்க்கப்பட்ட 702 ஆம் பிரிவு 2012, 2018, 2024 ஆகிய ஆண்டுகளில் நீட்டிக்கப்பட்டது. அங்கே குழுவைக் கடந்து வரும் மசோதாக்களுக்குச் செலவு மதிப்பீடு எழுதித்தர நாடாளுமன்றத்திற்கென்று தனி அலுவலகம் இருக்கிறது. உளவுத்துறையின் விவரச் செலவுகள் மறைக்கப்பட்டாலும், மொத்தத் தொகையையாவது வெளியிட வேண்டும் என்று 2007 இல் சட்டம் செய்தனர். அவ்வாண்டுத் தொகை 4,350 கோடி டாலர். முழுக்கணக்கு இல்லையென்றாலும் ஓர் எண்ணாவது மக்கள் கையில் இருக்கிறது. நம் சோஸ்மாவின் நீட்டிப்பு விதி தீர்மானத்தை மட்டுமே கேட்கிறது. கடந்த ஐந்தாண்டில் எவ்வளவு செலவாயிற்று, எத்தனை பேர் பிடிபட்டு எத்தனை பேர் குற்றவாளிகள் என நிறுவப்பட்டனர் என்ற கணக்கை அது கேட்கவில்லை.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது

பள்ளியில் ஒரு மேசை வாங்கினாலும் இரசீது வைக்கிறோம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்குக் காட்டுகிறோம். சிறு காரியத்தில் கணக்குக் கேட்கும் நாம், பெரிய காரியத்தில் கேட்பதைப் பாவம் என்று எண்ணப் பழகிவிட்டோம். அந்த அச்சமும் அவசரகாலம் விட்டுச்சென்ற செலவுதான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களை வீட்டிலுள்ள தாத்தா பாட்டியரிடம் அனுப்புங்கள். கம்பி வேலி எங்கே இருந்தது, வாயிலில் என்ன சோதித்தார்கள், சோறு எப்படிக் கிடைத்தது என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். பழைய அடையாள அட்டை எந்தப் பெட்டியிலாவது இருந்தால் அதைப் பார்த்துவரச் சொல்லுங்கள். அக்காலத்தைக் கண்டோர் நம்மிடையே குறைந்து வருகின்றனர். தோட்டங்களும் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. இன்னும் சில ஆண்டுகளில் கேட்பதற்கு ஆள் இருக்க மாட்டார்கள்.

வள்ளுவர் ஒற்றாடலை மறுக்கவில்லை. அரசனுக்கு அது கண் போன்றது என்றே கருதினார். ஆனால் அதிகார வரிசையைப் பாருங்கள். 59 ஆவதாக ஒற்றாடலை வைத்தவர், அதற்கு முன் 57 ஆவதாக வெருவந்த செய்யாமையையும் 58 ஆவதாகக் கண்ணோட்டத்தையும் வைத்தார். குடிகள் அஞ்சும்படி நடவாமையும் இரக்கமும் முன்னே, வேவு பின்னே. நம் நாட்டில் அந்த வரிசை ஒரு காலத்தில் தலைகீழானது. அதன் விலையைக் கொடுத்தவர்களில் நம் பாட்டன் பாட்டியரும் உண்டு. அடுத்த முறை ஒரு பிள்ளை புதிய மைகார்டைக் கொண்டுவந்து காட்டும்போது, வாழ்த்துச் சொல்லிவிட்டு, அந்த அட்டையின் கதையையும் சொல்வோம்.